மரணப் படுக்கையும் மருத்துவர் மனமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பேசும் பொருளைச் செயலாளர் அவர்களிடம் தெரிவித்தபோது அவர் சற்றுத் திகைத்தார். "விழா மேடையில் சாவைப் பற்றியா? குழந்தைகளின் நடனத்துக்கு முன்பா, பின்பா?" என்று கேட்டார். பின்பே வைத்துக்கொள்ளலாம் என்றோம். குழந்தைகள் இப்போது பின்புறம் சிற்றுண்டி அருந்திக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே, பெரியோர்கள் நாம் சிறிது நேரம் மனம் விட்டுப் பேசலாம்.

நாம் மருத்துவம் பயின்றோர் அல்லோம். சட்டம் கற்றோரும் அல்லோம். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பு நின்றது. இரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்து, இருபதாண்டுகளுக்கு மேலாகக் கோப்புகளுக்கிடையே வாழ்ந்து வருகிறோம். அந்தப் பழக்கத்தால் ஒன்றை மட்டும் நன்றாக அறிவோம். ஒரு தாளில் கையொப்பமிட ஒரு மனிதன் ஏன் அஞ்சுகிறான் என்பதே அது. இன்று பேசப்போவதும் ஏறத்தாழ அதைப் பற்றித்தான். மீளவே இயலாத நோயாளியின் உயிரைப் பிடித்துவைப்பதா, போகவிடுவதா என்ற இடத்தில் மருத்துவரின் மனம் எவ்வாறு இருக்கிறது என்பதே நம் பொருள்.

பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையை அறியாத குடும்பம் இவ்வவையில் இராது. நம் பிள்ளைகளுள் பலர் பிறந்ததும் அங்கே. நம் முதியோருள் பலர் கண்மூடியதும் அங்கே. அங்குச் செவிலியாகப் பணியாற்றியவர் அருணா ஷான்பாக். 1948இல் பிறந்தவர்; கருநாடகத்தின் கடலோரத்து ஹல்திப்பூரிலிருந்து, நம்மைப் போலவே பிழைப்புக்காக இந்நகருக்கு வந்தவர். 1973ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் மாலை, அதே மருத்துவமனையின் துப்புரவுப் பணியாளன் ஒருவன் நாய்ச் சங்கிலியால் அவர் கழுத்தை இறுக்கிக் கொடுமை இழைத்தான். மூளைக்குச் செல்லும் உயிர்வளி தடைப்பட்டது. மறுநாள் காலையில்தான் அவரைக் கண்டெடுத்தனர். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. அதன் பின்னர் அவர் எழவே இல்லை, பேசவும் இல்லை. 2015ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் நிமோனியாவால் உயிர் நீங்கும் வரை, நாற்பத்தோராண்டுகளுக்கு மேல் அம்மருத்துவமனையின் நான்காம் வார்டை ஒட்டிய அறையிலேயே கிடந்தார்.

அவரை யார் பார்த்துக்கொண்டார்கள்? தலைமுறை தலைமுறையாக வந்த செவிலியரே பார்த்துக்கொண்டார்கள். அவர் விழுந்த நாளில் பிறந்தேயிராத பெண்கள் பின்னாளில் அவருக்கு உணவூட்டினார்கள். முப்பத்தேழு ஆண்டுகளில் அவர் உடம்பில் ஒரு படுக்கைப் புண்கூட வந்ததில்லை என்று மருத்துவமனைத் தலைவர் உச்ச நீதிமன்றத்துக்குத் தெரிவித்தார். வீட்டில் நோயாளியைக் கிடத்திப் பார்த்த தாய்மார்களுக்கு அந்த ஒரு செய்தியின் அருமை விளங்கும். மூன்று மாதம் கிடந்தவருக்கே முதுகில் புண் வராமல் காப்பது எத்தனை பாடு! மசித்த உணவை வாயால் ஏற்றுவந்தார். மீனும் கோழிச் சாறும் கொடுத்தால் முகத்தில் சிரிப்புத் தோன்றியது என்பதும் நீதிமன்றப் பதிவிலேயே இருக்கிறது.

2009இல் பத்திரிகையாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றத்தை அணுகினார். இவர் அருணாவைப் பற்றி 1998இலேயே நூல் எழுதியவர். இது வாழ்வே அன்று, உணவூட்டுவதை நிறுத்தி அவரை நிம்மதியாகப் போகவிடுங்கள் என்பது அவரது வேண்டுகோள். நீதிமன்றம் 2011 சனவரியில் மூன்று மருத்துவர்களை அமர்த்தியது. டாட்டா நினைவு மருத்துவமனையின் திவாட்டியா, மாஹிம் இந்துஜா மருத்துவமனையின் நரம்பியல் மருத்துவர் ரூப் குர்சஹானி, சயான் மருத்துவமனையின் மனநல மருத்துவர் நிலேஷ் ஷா ஆகிய மூவரும் நம் குடியிருப்புகளுக்கு அண்மையில் உள்ள மருத்துவமனைகளைச் சேர்ந்தவர்களே. அருணாவின் மூளை இறக்கவில்லை, அவர் தாமாகவே மூச்சு விடுகிறார், ஆயினும் நிலையாக உணர்விழந்தோருக்கு உரிய குறிகளில் பெரும்பாலானவை அவரிடம் உள்ளன என்று அவர்கள் எழுதினர்.

கே.இ.எம். மருத்துவமனைத் தலைவராக அன்று இருந்த மருத்துவர் சஞ்சய் ஓக் அவர்களோ, இயற்கையான முடிவு வரும்வரை அருணாவைக் காப்போம், அதற்கு முன் அவர் உயிரை முடிப்பதற்கு நாங்கள் உடன்படோம் என்ற நிலையில் உறுதியாக நின்றார். மருத்துவரும் செவிலியரும் ஒரே குரலாக நின்றனர். 2011ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள் நீதிபதிகள் மார்க்கண்டேய கட்சுவும் ஞான் சுதா மிஸ்ராவும் தீர்ப்பளித்தனர். அருணாவுக்காக முடிவு செய்யும் உரிமை நூல் எழுதியவருக்கு இல்லை, அன்றாடம் பார்த்துக்கொண்ட மருத்துவமனைப் பணியாளருக்கே உண்டு என்றனர். ஆனால் அதே தீர்ப்பில், மீள வழியற்ற நோயாளிக்கு உயிர்காக்கும் கருவியை விலக்குவதற்கு, உயர் நீதிமன்றத்தின் அனுமதியோடு, இந்நாட்டில் முதன்முறையாக வழியும் திறந்துவைத்தனர்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவில் வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் கூறுகிறார். நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பார்த்துக்கொள்பவன் என்பன அவை. நான்காமவனை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். பரேலில் அந்த நான்காம் உறுப்பே மற்ற மூன்றையும் தாங்கி நின்றது. நாற்பதாண்டு உணவூட்டிய கைக்கு, ஊட்டுவதை நிறுத்து என்று வெளியிலிருந்து யார் சொல்ல முடியும்? நாம் அச்செவிலியர் பக்கமே நிற்கிறோம். ஆயினும், அவர்கள் சொன்ன விடை அருணாவுக்கான விடை. அதை எடுத்து எல்லா நோயாளிக்கும் பொருத்தினால் என்னாகும் என்பதை நம் வீட்டிலேயே கண்டோம்.

நம் தந்தையார் சங்கரன்கோவில் வட்டாரத்திலிருந்து இளம் வயதில் பம்பாய்க்கு வந்து, தாராவித் தோல் கிடங்குகளில் முப்பதாண்டு உழைத்தவர். 2019ஆம் ஆண்டு மழைக்காலத்தில் மூளையில் இரத்தக் குழாய் வெடித்து விழுந்தார். வயது எழுபத்து நான்கு. நகரின் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம்; எதுவென்று சொல்வதற்கில்லை, சொல்லவும் தேவையில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினேழு நாள் கிடந்தார். வாயில் குழாய், மூக்கில் குழாய், சிறுநீருக்கு ஒரு குழாய். குழாயைப் பிடுங்கிவிடாதிருக்க இரு கைகளையும் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். அவை அசைந்ததே இல்லை, ஆனாலும் கட்டியிருந்தார்கள். நாள்தோறும் மாலை ஐந்து மணிக்கு ஒருவர் மட்டும் பத்து நிமிடம் உள்ளே போகலாம். அந்தப் பத்து நிமிடத்தில், தோல் பதனிட்டுக் காய்த்துப்போன அந்தக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டு நிற்போம்.

ஒவ்வொரு நாளும் கேட்டோம், "எப்படி இருக்கிறார்?" என்று. "அப்படியேதான்" என்பதே விடை. பதினோராம் நாள், தலைமை மருத்துவரிடம், "ஐயா, இனி எழுவாரா?" என்று கேட்டோம். "எங்களால் ஆனதைச் செய்துகொண்டிருக்கிறோம்" என்றார். "எழமாட்டார் என்றால், இந்தக் கருவியை எடுத்துவிடலாமா?" என்று கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. "அதை எங்களிடம் கேட்காதீர்கள்" என்று சொல்லி அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். கொலை செய்யச் சொன்னவனைப் போல நாம் அங்கே நின்றோம்.

அன்றிரவு வாயிலருகே தேநீர்க் கடையில், இரவுப் பணியிலிருந்த இளம் மருத்துவர் ஒருவர் எம்மை அடையாளம் கண்டு அருகில் வந்தார். மராட்டியர், நம் பிள்ளை வயதிருக்கும். மெல்லச் சொன்னார்: "எடுத்துவிட்டால், நாளை உங்கள் உறவினர் ஒருவர் காவல் நிலையத்துக்குப் போனால் எம் பதிவே போய்விடும். எம் தந்தையாக இருந்தால் வீட்டுக்கு அழைத்துப் போயிருப்பேன்." பதினேழு நாளில் மருத்துவர் ஒருவர் எம்மிடம் பேசிய மனிதப் பேச்சு அது ஒன்றுதான். அதையும் மருத்துவமனைக்கு வெளியே, தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவரால் பேச முடிந்தது.

பதினேழாம் நாள் ஒரு தாள் நீட்டினார்கள். மருத்துவரின் அறிவுரையை மீறி எங்கள் சொந்தப் பொறுப்பில் நோயாளியை அழைத்துச் செல்கிறோம் என்று அதில் அச்சிட்டிருந்தது. இந்நாட்டு மருத்துவமனைகளில் நாள்தோறும் நடப்பது இதுதான் என்று பின்னர் அறிந்தோம். மருத்துவருக்கும் தெரியும், குடும்பத்துக்கும் தெரியும்; தாள் மட்டும் வேறொன்றைச் சொல்லும். கோப்பு எழுதிப் பழகிய எமக்கு அத்தாளின் நோக்கம் ஒரு நொடியில் விளங்கியது. அறிவுரை எதுவும் கூறப்படவில்லை. ஆனால் அதை மீறியவர்கள் நாங்கள். கையொப்பமிட்டோம். ஆம்புலன்சில் ஒருவர் கையால் காற்றுப் பையை அழுத்திக்கொண்டே வந்தார். தொண்ணூறடிச் சாலை வழியாக வீடு சேர்ந்து, எம் அன்னையார் ஒரு கரண்டி நீர் புகட்டியபின், காற்றுப் பையை எடுத்தார்கள். இருபது நிமிடத்தில் அடங்கிற்று.

ஊரிலிருந்து பெரிய தந்தையார் தொலைபேசியில் கேட்டார்: "தலைக்கூத்தலா செய்துவிட்டீர்கள்?"

இச்சொல்லை அறியாத இளைஞர்களுக்காக விளக்கவேண்டும். விருதுநகர், மதுரை, தேனிப் பக்கத்துச் சிற்றூர்கள் சிலவற்றில், படுக்கையில் விழுந்த முதியவருக்கு அதிகாலையில் உடல் முழுதும் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த நீராட்டி, இளநீர் இளநீராகப் புகட்டிக் கதையை முடித்துவிடும் வழக்கத்துக்குப் பெயர் அது. 2010இல் விருதுநகர் மாவட்டத்தில் இது நாளேடுகளில் வெளிவந்து நாடே அதிர்ந்தது. 'பாரம்' என்ற தமிழ்ப் படம் இதையே கருவாகக் கொண்டு தேசிய விருதும் பெற்றது. ஊரார் அறிந்தே நடப்பது. முதியவரைக் கேட்பாரும் இல்லை. வறுமை ஒரு காரணம், பார்த்துக்கொள்ள ஆள் இன்மை மற்றொன்று, நிலத்தைப் பிரிக்கும் அவசரமும் சில வீடுகளில் உண்டு. மருத்துவர் அந்தக் காட்சியிலேயே இல்லை. உதவிச் சாவு வேண்டாம் என்று மறுக்கும் மருத்துவர்களின் அச்சம் எவ்வளவு நியாயமானது என்பதை அறிய நாம் ஐரோப்பாவுக்குப் போகவேண்டியதில்லை. நல்லெண்ணெய்க் கிண்ணம் போதும். கதவைச் சிறிது திறந்தால் அதன் வழியே யார் யாரைத் தள்ளுவார்களோ என்று ஒரு மருத்துவர் நடுங்கினால், அந்த நடுக்கத்தை நாம் மதிக்கவேண்டும்.

ஆனால் பெரிய தந்தையாரின் கேள்விக்கு நம்மிடம் விடை இருக்கவில்லை. இன்றும் முழு விடை இல்லை. மருத்துவர் ஒருவர் அன்று எங்களை உட்காரவைத்து, "இவர் இனி மீளார், நோய்தான் இவரைக் கொண்டுபோகிறது, நீங்கள் அல்லர்" என்று இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால், அதை ஊருக்குச் சொல்லியிருப்போம். அவ்விரண்டு வாக்கியம் கிடைக்கவில்லை.

உலகில் மருத்துவர்கள் இதைப் பற்றி ஒரே மனத்தினர் அல்லர். நெதர்லாந்தில் 2002 முதல், தாங்கொணாத் துன்பத்தில் உள்ள நோயாளி தாமே வேண்டினால் மருத்துவர் ஊசியிட்டு உயிரை முடிக்கச் சட்டம் இடம் தருகிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1997 முதல் மருத்துவர் மருந்தை எழுதித் தருவார், நோயாளி தம் கையாலேயே அருந்தவேண்டும். உலக மருத்துவர் சங்கமோ 2019இல் இவ்விரண்டையும் எதிர்ப்பதாக மீண்டும் அறிவித்தது. பிரிட்டிஷ் மருத்துவர் சங்கம் 2020இல் தன் உறுப்பினரைக் கேட்டபோது, மருந்து எழுதித் தருவதற்குச் சட்டம் இடம் தரலாம் என்றோர் நூற்றுக்கு ஐம்பதின்மர், கூடாது என்றோர் முப்பத்தொன்பதின்மர். சங்கம் அடுத்த ஆண்டு எதிர்ப்பைக் கைவிட்டு நடுநிலை ஏற்றது. இதில் நம் கருத்தைக் கவர்ந்த செய்தி ஒன்று உண்டு. சாகும் நோயாளிகளோடே நாளெல்லாம் பழகும் வலி தணிப்பு மருத்துவர்களே அங்கு மிகுதியாக எதிர்த்தவர்கள். வலியைத் தணிக்கத் தெரிந்தவனுக்கு உயிரை முடிக்கவேண்டிய தேவை குறைவாகத் தெரிகிறது போலும்.

நம் நாட்டில் ஊசியிட்டு முடிப்பது குற்றமே; சாக மருந்து தருவதும் குற்றமே. வடக்கிருந்து உயிர்நீத்த கோப்பெருஞ்சோழனைப் பாடிய மரபினர் நாம் என்பதால் நீதிமன்றம் விலக்களிக்காது. 2018ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு மாண்போடு சாவதும் வாழ்வுரிமையின் பகுதியே என்று கூறி, பயனற்ற கருவிகளை விலக்குவதற்கும், அவை வேண்டா என்று முன்கூட்டியே எழுதிவைப்பதற்கும் இடமளித்தது. ஆனால் அத்தாளில் குற்றவியல் நடுவரும் கையொப்பமிட வேண்டும் என்றனர். நடுவரைத் தேடிப் பிடிப்பதற்குள் நோயாளி பிடிபடாமல் போய்விடுவார்! நம் தந்தையார் படுத்திருந்தபோது இருந்த நிலைமை அதுவே. விதி இருந்தது, அதன்படி நடந்தவர் எவரையும் எமக்குத் தெரியாது.

இதை மாற்றக் கேட்டவர்கள் யார் தெரியுமா? மருத்துவர்களேதான். தீவிர சிகிச்சை மருத்துவர்களின் இந்தியச் சங்கம் நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2023 சனவரியில் விதிகள் எளிதாயின. நோட்டரியோ அரசிதழ்ப் பதிவு அலுவலரோ சான்றளித்தால் போதும், சாட்சிகள் இருவர். பின்னாளில் கருவியை விலக்கவேண்டி வந்தால், சிகிச்சை தரும் மருத்துவரும் ஐந்தாண்டு அனுபவமுள்ள வல்லுநர் இருவரும் சேர்ந்த ஒரு குழு ஆராயும்; அதற்குமேல் மாவட்ட மருத்துவ அதிகாரி அமர்த்தும் ஒருவர் உள்ளிட்ட மற்றொரு குழு ஆராயும். ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்லவேண்டும். குடும்பமும் இசையவேண்டும், நடுவருக்குத் தெரிவித்தல் மட்டும் போதும். ஆக, கையொப்பம் ஒருவர் தலையில் விழாமல் பலர் மேல் பகிர்ந்துவிடப்பட்டிருக்கிறது. கோப்பு வேலை அறிந்த எமக்கு இதன் நுட்பம் பிடித்திருக்கிறது.

ஆயினும் மருத்துவர் மனத்தில் அச்சம் தீர்ந்தபாடில்லை. 2024 செப்டம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் இதற்கான வழிகாட்டு வரைவை வெளியிட்டபோது, இது மருத்துவர்களைச் சட்டச் சிக்கலில் மாட்டிவிடும் என்று இந்திய மருத்துவர் சங்கத் தலைவரே எதிர்ப்புத் தெரிவித்தார். அதே தொழிலில் ஒரு சாரார் வழியைக் கேட்கின்றனர், மற்றொரு சாரார் வழியே வேண்டா என்கின்றனர். கொல்ல மறுக்கும் மருத்துவர் வேறு, பேச மறுக்கும் மருத்துவர் வேறு. முன்னவரை வணங்குகிறோம். பின்னவரிடம் நமக்கு வழக்கு உண்டு.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். சாவைக் கேட்கும் நோயாளி பலவேளைகளில் வலி நிற்கவேண்டும் என்றே கேட்கிறார். அபினி விளையும் இந்நாட்டில், 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால், புற்றுநோயாளிக்கு மார்பின் கிடைப்பது அரிதாகிப் போயிற்று. 2014இல்தான் சட்டம் தளர்த்தப்பட்டது. நம் பாந்திராவில் மேரி மாதா மலையருகே, சாந்தி அவேதனா சதன் என்னும் இல்லம் 1986 முதல் நடந்துவருகிறது. இறுதி நிலைப் புற்றுநோயாளிகளை வலியின்றிக் காக்க நம் நாட்டில் எழுந்த முதல் இல்லம் அதுவே. டாட்டா மருத்துவமனையிலும் வலி தணிப்புக்கெனத் தனிப் பிரிவு உண்டு. சாவை நாடுமுன் இவ்விடங்களை நாடியோர் நம்முள் எத்தனை பேர்?

கடந்த ஆண்டு நாமும் எம் மனைவியாரும் அந்த முன்விருப்பத் தாளை எழுதினோம். மீளும் வழி இல்லை என்று மருத்துவர் குழு கூறினால் மூச்சுக் கருவியில் வைக்கவேண்டா, வலிக்கு மட்டும் மருந்து தாருங்கள் என்பதே சாரம். நோட்டரி ஐயா 'உயில்' என்று கேட்டதும், "சொத்து எவ்வளவு?" என்றார். "மூச்சு ஒன்றுதான்" என்றோம். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முழுதும் படித்தார். பிறகு தம் அன்னையார் மருத்துவமனையில் கிடந்த கதையை அரைமணி நேரம் சொன்னார். கட்டணம் வாங்கவில்லை.

மகனிடம் படிக்கக் கொடுத்தோம். எமக்காக முடிவு சொல்லவேண்டியவன் என்று அவன் பெயரைத்தான் எழுதியிருக்கிறோம். முதலில் கோபித்துக்கொண்டான். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "தாத்தாவுக்கு இப்படி ஒன்று இருந்திருந்தால்?" என்று மட்டும் கேட்டான்.

எழுத விரும்பும் அன்பர்களுக்கு: தாளின் படி ஒன்றை மாநகராட்சியின் வட்ட மருத்துவ அலுவலரிடம் சேர்க்கலாம். தாராவி ஜி-வடக்கு வட்டத்தைச் சேர்ந்தது, மாட்டுங்கா எஃப்-வடக்கு, செம்பூர் எம்-மேற்கு. இன்னொரு படியைக் குடும்ப மருத்துவரிடம் கொடுத்து, அவரை எதிரில் உட்காரவைத்துப் பேசுங்கள். நாம் கொடுத்தபோது எம் குடும்ப மருத்துவர் தாளை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு, "இருபத்தெட்டு ஆண்டுத் தொழிலில் இதை என்னிடம் கொண்டுவந்த முதல் நோயாளி நீங்கள், நானே இன்னும் எழுதவில்லை" என்றார். மாதிரிப் படிவம் தமிழில் ஒன்று ஆயத்தம் செய்து வைத்திருக்கிறோம். வாயிலருகே சந்தா வாங்கும் மேசையில் கிடைக்கும். எமக்குத் தெரிந்தவரை பிழையில்லை, ஆயினும் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

அவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அடுத்துப் பட்டிமன்றம் காத்திருக்கிறது.